மஞ்சள் கோட்டுக்கு ஒரு வால்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவன் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்பான். என்னென்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்பான். அவள் புருஷன் கேட்டது வேறு.

"இந்தச் செயின் எந்த நாட்டுல செஞ்சது?"

டை கட்டிய விற்பனையாளர் பேந்தப் பேந்த விழித்தார். அந்தக் கடையில் சேர்ந்த நாள் முதல் ஒருத்தரும் அவரிடம் செயினைப் பற்றி விசாரித்ததில்லை.

"வெளிநாட்டுத் தரம் சார்."

"தரத்தைக் கேக்கல. ஊரைக் கேக்கறேன்."

அவள் ஹெல்மெட் அடுக்கிய அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு இது மூன்றாவது கடை. தெருவின் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் கடைகள்தான். முதல் கடையில் பெயர் உள்நாட்டுப் பெயர், எஞ்சின் மட்டும் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இரண்டாவது கடையில் பெயர் வெளிநாட்டுப் பெயர். ஆனால் வண்டியைப் பூட்டியது இதோ, புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆலையில். அவள் வேலை பார்க்கிற ஆலை அது. இந்த மூன்றாவது கடையில் டயர் ஒரு நாடு, விளக்கு ஒரு நாடு, செயினுக்கு ஊரே இல்லை.

"அப்போ இதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னே தெரியாதா? பாவம்" என்று அவன் பெட்ரோல் தொட்டியைத் தட்டிக் கொடுத்தான். விற்பனையாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்து வைத்தார்.

சும்மா நக்கல் பண்ண வந்தவன் இல்லை அவன். அவனுக்கு ஒரு சபதம் இருந்தது. உள்நாட்டுக் கம்பெனி ஒன்றில், வண்டி பூட்டும் லைனில், மீசை முளைத்த காலம் தொட்டு நட்டு முறுக்கிக்கொண்டிருப்பவன். வெளிநாட்டுக்காரன் ஆலை திறந்த அன்று தன் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஸ்டூல் மேல் ஏறி நின்று, "நம்ம கை படாத வண்டியில நாம ஏற மாட்டோம்" என்று அவன் சொல்லச் சொல்ல, கூடவே அத்தனை பேரும் கையை நீட்டிச் சொன்னார்கள். அன்றிலிருந்து சகாக்கள் அவனுக்கு வைத்த பெயர் 'சபதம்'. கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, "சபதத்துக்கு ஒரு டீ" என்றுதான் சொல்வார். ஆறு மாதம் கழித்து அதே வெளிநாட்டு ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது அந்த டீயோடு எவ்வளவு கேலி சேர்ந்து வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் அவன் தாங்கிக்கொண்டான். "சபதம் வண்டிக்குத்தான், பொண்டாட்டிக்கு இல்ல" என்று ஒரே போடாகப் போட்டான்.

இப்போது அவனுடைய பழைய வண்டி சேஸிஸில் விரிசல் விட்டு மூலையில் சாய்ந்துவிட்டது. அவன் கம்பெனியோ புது மாடல் ஒன்றை இறக்கியிருந்தது. கண்ணைப் பறிக்கிற அழகான வண்டி. கூடவே இன்னொன்றையும் இறக்கியிருந்தது: விருப்ப ஓய்வு. வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, தருகிற தொகையை வாங்கிக்கொண்டு போகலாம். வேண்டாதவர்கள் இருக்கலாம். கடைசி நாள் இன்றைக்கு. மாலைச் சங்கு ஊதும் வரைக்கும்தான் அலுவலகச் சன்னல் திறந்திருக்கும்.

"புது மாடல் வந்தாச்சு. பின்னாடி ஷெட்ல வெளியாளுங்களை வச்சு முதல் கொஞ்சம் வண்டியைச் செய்றாங்க. அடுத்த மாசம் அந்த லைன் நம்மகிட்ட வருது. இப்பப் போய் எவனாவது எழுதிக் குடுப்பானா?" என்று அவன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் மட்டும் இல்லை, கேட்டிலும். அவன் சொன்னான் என்பதற்காகவே அவன் லைன் ஆட்கள் ஒருத்தரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை உறுதிப்படுத்தத்தான் இன்று புது மாடலை வாங்கி, அதே கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதாக அவர்களிடம் சொல்லியிருந்தான். வாங்குவதற்கு முன் மற்ற கடைகளையும் பார்த்துவிடுவது என்பது அவன் ஏற்பாடு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாதாம்.

அந்த ஷெட்டில் ஒரு வண்டியும் செய்யப்படவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், அந்த வண்டிகளைச் செய்வதே அவள்தான். அவளும் அவள் லைனும். நாலைந்து மாதமாகவே பெட்ரோல் தொட்டிகள் பக்கவாட்டில் பழுப்பு டேப் ஒட்டி வருகின்றன. முதல் நாள் ஒரு டேப்பின் ஓரம் தானாகக் கிளம்பியிருந்தது. கீழே பார்த்தால் புருஷனுடைய கம்பெனி பெயர். டேப்பை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள். அன்று பிற்பகலே எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்: யாருக்காக என்ன செய்கிறோம் என்று வெளியில் மூச்சு விடக் கூடாது, விட்டால் அந்த நிமிஷமே வேலை போச்சு. வெறும் மிரட்டல் இல்லை. அவள் பக்கத்தில் நின்று விளக்கு பூட்டிய பெண் தனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையிடம் போனில் உளறிவிட்டாள். மறுநாள் அவள் அடையாள அட்டையைக் காட்டியும் ஆலைக் கதவு திறக்கவில்லை.

புருஷனிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவனைத் தெரியாததால் கேட்கிறீர்கள். அவன் வாயில் ஒரு சங்கதியும் தங்காது. பிறந்தநாளுக்கு என்று அவளுக்கு வாங்கி ஒளித்து வைத்த கைக்கடிகாரத்தையே, வாங்கின அன்று சாயங்காலம், "உனக்கு என்ன வாங்கியிருக்கேன்னு கேளேன்" என்று ஆரம்பித்து அவனே எடுத்துக் காட்டிவிட்டான். இதைச் சொன்னால் செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டுக்கு ஓடுவான். ஸ்டூல் போட்டு ஏறுவான். 'எவன்டா சொன்னது' என்றால், 'என் பொண்டாட்டி' என்பான். வண்டியை வெளியே செய்யக் கொடுத்துவிட்ட கம்பெனியில் அவன் வேலை எப்படியும் போகப்போகிறது, எழுதிக் கொடுக்காவிட்டால் வெறுங்கையோடு. மிஞ்சப்போவது அவள் வேலை ஒன்றுதான், அதுவும் சேர்ந்து போகும். வாடகை, மாமியாரின் மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதன் தலையில்தான் விழப்போகிறது.

அதனால் சொல்லாமல் சொல்லப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்களேன், சொந்தமா ஒரு ஒர்க்‌ஷாப் போடலாம்" என்றாள். "கை நடுங்கற வயசுல போடலாம்" என்றான். "எனக்கென்னமோ சரியாப் படல" என்றாள். "உனக்குச் சக்கரை டப்பா திறந்திருந்தாலே சரியாப் படாது" என்றான். 

சர்க்கரை டப்பா என்று அவன் சொன்னதற்கும் ஒரு கதை உண்டு. வண்டியில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்து விழுகிற மாதிரி பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு பிறகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவன் கம்பெனியில் வெள்ளைக் கோடு, அவள் ஆலையில் மஞ்சள். அவளுக்குக் கோட்டை முடிக்கும்போது கை தானாக ஒரு சுழி சுழித்துவிடும், சின்னதாய் ஒரு வால். "கோடு கேட்டா கோலம் போடறியே" என்று மேற்பார்வையாளர் திட்டி அலுத்து, கடைசியில் அவளை 'வாலம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். தேய்ந்துபோன பேனா ஒன்று வீட்டுக்கு வந்தது. புருஷனுக்கு டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். டப்பாவை மூடி, மூடிக்கும் டப்பாவுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுவாள். திருடித் தின்றால் மூடி பழைய இடத்தில் வந்து உட்காராது. அவனும் விதவிதமாகத் திருகிப் பார்த்துவிட்டு, "உன் வால் சேர மாட்டேங்குதே" என்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நிற்பான்.

அந்த வால்தான் காலையிலிருந்து அவள் நினைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கர அச்சு நட்டுதான் லைனில் அவளுடைய இடம். பகலில் அவள், இரவில் வேறொருத்தி. கடையில் நிற்கிற வண்டி யார் கையில் முடிந்ததோ, யார் கண்டது?

நான்காவது கடை அவன் கம்பெனிக் கடை. உள்ளே கால் வைத்ததுமே வாய் நிறையச் சிரிப்போடு மேலாளர் எதிரே வந்தார். தொழிலாளிக்கென்று ஒரு வண்டியை ஒதுக்கி, துடைத்து நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். போட்டோ பிடிக்க ஒருவர் தயாராக நின்றார்.

"நம்ம தொழிலாளி, நம்ம வண்டி. கேட்டுலயே பெரிசா மாட்டறோம் உங்க போட்டோவை" என்றார் மேலாளர்.

அவள் விறுவிறுவென்று போய் வண்டியின் பின்பக்கம் நின்றுகொண்டாள். குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். மஞ்சள். சுழி. அவளுடைய வால், பளிச்சென்று. கையிலிருந்த பையைக் கீழே இறக்கி அச்சை மறைத்தாள்.

இரண்டு ஆசை ஒரே நேரத்தில் அவளைப் பிடித்து இழுத்தன. பார்த்துவிடேன் மனுஷா, நான் வாய் திறக்காமல் நீயே பார்த்துத் தெரிந்துகொள்ளேன். ஐயோ, பார்க்காதே, இந்த மேலாளர் முன்னால் பார்த்துக் கத்திவிடாதே. 

அவன் முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தான். பிரேக், கம்பிகள், எஞ்சின் அடிப்பாகம். மண்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வந்தான்.

"பையை எடு."

"கனமா இருக்குங்க."

"அதான் எடுங்கறேன். பெயின்ட்ல கீறல் விழும்."

எடுத்தாள். அவன் குனிந்தான். கட்டை விரலால் அச்சு நட்டின் மேலிருந்த கிரீஸைத் துடைத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி அப்படியே இருந்தான்.

"என்ன, ஏதாவது கேக்கணுமா?" என்று மேலாளர் சிரித்தார்.

"கேக்க ஒண்ணும் இல்லைங்க" என்று எழுந்தான். பேனாவை வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான்.

பார்க்கவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். பார்த்திருந்தால் கூரை பறந்திருக்குமே. முழுசாக ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. பார்க்கவில்லை என்றால் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. கடைசி வழியும் அடைபட்டது.

வண்டி நல்ல வண்டி. மேடு பள்ளம் தெரியாமல் மிதந்தது. அவன் வழக்கமாக ஓட்டும்போது வாயை மூட மாட்டான், எதிரே வருகிறவன் எல்லோருக்கும் ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டே போவான். இன்று பாலம் ஏறி இறங்கும் வரை ஒரு வார்த்தை இல்லை. இறங்கியதும் கேட்டான்.

"உன் வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இதென்ன கேள்வி திடீர்னு?"

"சொல்லேன்."

"பிடிச்சிருக்கு."

"விட்டுடாத."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தோளைப் பிடித்திருந்த கை நழுவியது. அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

கேட்டில் காவலாளி வண்டியைக் கண்டதும் சலாம் போட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். உள்நாட்டு வண்டி என்றால்தான் அந்தக் கம்பி எழும். உள்ளே மரத்தடியில் அவன் லைன் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். "சபதம் வந்தாச்சுடோய்!" என்று ஒரே கூச்சல். அவர்களுக்குப் பின்னால் அலுவலகச் சன்னல், உள்ளே ஒரு குமாஸ்தா கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சன்னல் முன்னால் ஒருத்தரும் இல்லை.

ஆட்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், ஒருவர் ஹாரன் அடித்தார். அவர்களில் 'வக்கீல்' என்று ஒருவர். படித்த வக்கீல் இல்லை, எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவர். அவர் நேரே பின்சக்கரத்துக்குத்தான் போனார். நட்டு முறுக்குகிறவன் புத்தி வேறு எங்கே போகும்?

"சபதம், இதென்ன மஞ்சள்? நம்ம கோடு வெள்ளையாச்சே?"

கூச்சல் அடங்கியது.

"மஞ்சள் போடறது அந்தக் கம்பெனிக்காரன்தானே? வாலு வேற வச்சிருக்கான். இது நம்ம ஷெட்ல செஞ்சதா இல்ல..."

"நான்தான் போட்டேன்" என்றான் அவன்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கடையில சக்கரத்தைக் கழட்டி நானே ஒரு தடவை முறுக்கினேன். அவங்ககிட்ட மஞ்சள் பேனாதான் இருந்துச்சு. நம்ம கை படாத வண்டியில ஏற மாட்டோம்னு சொன்னேன்ல? அதான், கையைப் பட வச்சுட்டேன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வக்கீல் எழுந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "நீ ஆளுடா!"

பார்த்திருக்கிறான். கடையிலேயே பார்த்துவிட்டான். ஒரு கைக்கடிகாரத்தை ஒரு பொழுதுக்கு மறைக்கத் தெரியாதவன் இவ்வளவு பெரிய இடியை வாங்கி, வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளிடம் 'விட்டுடாத' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவளுக்காக.  அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சிரிக்கிறவர்களுக்கு நடுவில் சிரித்தபடி நின்றான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

அந்த ஆட்களின் முகங்களையும் பார்த்தாள். இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். வக்கீலின் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. எல்லோரும் இவன் வார்த்தையை நம்பி அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவள் வாயை மூடிக்கொண்டால் இவள் அடுப்பு எரியும். மற்ற அடுப்பெல்லாம்?

"அவர் போடல" என்றாள்.

யார் காதிலும் விழவில்லை. அவன் காதில் மட்டும் விழுந்தது. "ஏய், சும்மா இரு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் வக்கீலின் சட்டைப் பையிலிருந்த வெள்ளைப் பெயின்ட் பேனாவை உருவினாள். முன்சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து அச்சு நட்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கை தானாகச் சுழித்தது.

"வந்து பாருங்க. ரெண்டையும் பாருங்க. அது நான் போட்டது. இந்த வண்டியை எங்க ஆலையில, எங்க லைன்ல செய்றோம். நாலஞ்சு மாசமாச் செய்றோம். உங்க ஷெட்ல ஒண்ணும் இல்ல. லைன் உங்ககிட்ட வரப்போறதும் இல்ல. ஏன் நிக்கறீங்க? போங்க, எழுதிக் குடுங்க!"

வக்கீல் குனிந்து பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார். குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சன்னலைப் பார்த்து ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். குமாஸ்தா திடுக்கிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காவலாளி போனை எடுத்துக் காதில் வைத்து, அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் போங்க" என்று அவள் புருஷனைத் தள்ளினாள். "உங்களையும் சேத்துத்தான் சொன்னேன்."

"வேலை போச்சே உனக்கு. பைத்தியக்காரி."

"போச்சு. நீங்க போங்க முதல்ல."

அவன் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினான். நடந்தான், ஓடவில்லை. வரிசைக்கு நடுவில் நின்ற வக்கீல் தனக்கு முன்னால் இடம் விட்டு, "வா, வந்து நில்லு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கையை விடுவித்துக்கொண்டான். "நான் சொல்லித்தானே நின்னீங்க. நீங்க குடுங்க முதல்ல" என்று கடைசியில் போய் நின்றான்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா ஒவ்வொருவர் பெயரையும் இரண்டு தடவை கேட்டு எழுதினார். வரிசை நகர்ந்தது. வக்கீல் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். எட்டாம் மாதக்காரர் கொடுத்தார். அவனுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். அவர் கையெழுத்துப் போட்டு நகர்ந்தார், அவன் சன்னலின் விளிம்பில் கையை வைத்தான்.

சங்கு ஊதியது.

குமாஸ்தா அவனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தகரக் கதவைக் கீழே இறக்கினார். வக்கீல் அதைக் கையால் குத்தினார், ஆட்கள் எல்லோரும் கத்தினார்கள். உள்ளே விளக்கு அணைந்தது.

அவன் திரும்பி வந்தான். சகாக்கள் வழி விட்டார்கள். யாரும் அவன் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் முன்னிருக்கையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீயே ஓட்டு" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவள் இடுப்பைச் சுற்றிய அவன் கட்டை விரலில் இன்னும் கிரீஸ் இருந்தது.

ஸ்டார்ட் பித்தானை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே வண்டி கிளம்பியது. காவலாளி போனில் பேசிக்கொண்டே கம்பியைத் தூக்கினார்.